ஓகே: பேச்சில் விழும் முத்திரை

ஆங்கிலத்திலிருந்து பிற மொழிகளுக்குப் போன சொற்களில் 'ஓகே' அளவுக்குப் பரவிய இன்னொன்றைக் காட்டுவது கடினம். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சேர்த்துப் பேச வராதவர் வாயிலும் அது தடையின்றி வருகிறது. அகராதிகள் அதைப் பெயரடை, வினையடை, பெயர், வினை, இடைச்சொல் என ஐந்து இடங்களில் வைக்கின்றன. சம்மதம், நலம், புரிந்தது, போதும், ஆரம்பிக்கலாம் என்று ஒன்றுக்கொன்று உறவில்லாதவை போலத் தோன்றும் பொருள்கள் பலவும் அதற்கு உண்டு. 'சாப்பாடு ஓகே' என்றால் சுமார் என்று கொள்கிறோம். இயந்திரத்தைச் சோதித்த பொறியாளர் தாளில் 'ஓகே' என்று எழுதினால் குறையே இல்லை என்று கொள்கிறோம். ஒரே சொல் சுமாரையும் குறையின்மையையும் எப்படிக் குறிக்க முடியும்?

அவையோரே, இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு எடுத்துக்கொண்ட கேள்வி அதுதான். முன்வைக்கும் விடையையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம். ஓகே தரத்தை அளக்கும் சொல்லே அன்று. சரிபார்த்து அனுப்பிய தாளின் மேல் விழும் முத்திரை செய்கிற வேலையைத்தான் அது பேச்சில் செய்கிறது. இந்தக் கட்டம் முடிந்தது, அடுத்ததற்குப் போகத் தடையில்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. கடந்துபோன பொருள் சிறப்பானதா, அரைகுறையா என்பதை இடத்தையும் குரலையும் வைத்துக் கேட்பவர்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். அரங்கில் சொன்ன உதாரணங்கள் சில இந்த அச்சு வடிவில் விடுபட்டுள்ளன. வாதத்தின் வரிசை மாறவில்லை.

1. நாளிதழில் பிறந்த வேடிக்கை

1839 மார்ச் 23 அன்று வெளிவந்த 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' நாளிதழின் இரண்டாம் பக்கத்தில் ஓ.கே. என்ற இரண்டு எழுத்துகள் அச்சாயின. இதுவரை கிடைத்த சான்றுகளில் இதுவே முந்தியது. இதழின் ஆசிரியர் சார்லஸ் கார்டன் கிரீன். 'மணியடிப்பு எதிர்ப்புச் சங்கம்' என்ற பெயரில், பாதி விளையாட்டாக, பாஸ்டனில் ஒரு சங்கம் இயங்கிவந்தது. அச்சங்கத்தாரின் பயணத்தைப் பற்றி பிராவிடன்ஸ் நகரின் இதழ் ஒன்று எழுதியதற்குப் பதிலாக வந்த நையாண்டிக் குறிப்பு அது. ஓ.கே. என்று எழுதியவர், வாசகருக்கு விளங்காமல் போகுமோ என்று கருதியதுபோல, பக்கத்திலேயே 'ஆல் கரெக்ட்' என்ற விளக்கத்தையும் சேர்த்திருந்தார். எல்லாம் சரி என்பது அதன் பொருள்.

தனியாகப் பார்த்தால் இது விநோதமாகத் தெரியும். அன்றைய பாஸ்டன் இதழ்களைப் புரட்டியவருக்கு அப்படித் தெரியாது. 1838ஆம் ஆண்டிலிருந்தே அங்கே முதலெழுத்துச் சுருக்க மோகம் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. ஊர்ப் பெரிய மனிதர்களை 'ஓ.எஃப்.எம்.' என்று எழுதினார்கள். 'அவர் ஃபர்ஸ்ட் மென்' என்பதன் சுருக்கம். அற்ப விஷயத்துக்கு 'எஸ்.பி.', அதாவது 'ஸ்மால் பொட்டேட்டோஸ்'. மோகம் முற்றியபோது, எழுத்துப்பிழையோடு எழுதிவிட்டு அந்தப் பிழைக்குச் சுருக்கம் போடுவது அடுத்த வேடிக்கை ஆயிற்று. 'ஆல் ரைட்' என்பதன் முறையான முதலெழுத்துகள் ஏ, ஆர். காதில் விழுந்தபடி தப்பாக எழுதினால் அது 'ஓ.டபிள்யூ.' ஆகும். 'நோ கோ' என்பது 'கே.ஜி.' ஆயிற்று, 'நோ யூஸ்' என்பது 'கே.ஒய்.' ஆயிற்று. ஏ, சி என்று தொடங்க வேண்டிய 'ஆல் கரெக்ட்' அதே வழியில் ஓ, கே ஆனது.

இந்தக் கூட்டத்தில் பிறந்த மற்றவை சில மாதங்களில், மிஞ்சினால் சில ஆண்டுகளில், செத்துப்போயின. தங்கியதன் பொருள் 'எல்லாம் சரி' என்பதைக் கவனிக்க வேண்டும். அது வாழ்த்தோ வசையோ அன்று. கணக்கைப் பார்த்தவர், அச்சுப்படி திருத்தியவர், சரக்கை எண்ணியவர் சொல்லும் சொல் அது. பிறந்த நாளிலேயே அதில் சரிபார்ப்பு என்ற செயல் ஒட்டியிருந்தது.

2. தேர்தல் கொடுத்த மறுவாழ்வு

ஓகே பிழைத்ததற்கு உடனடிக் காரணம் 1840ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல். பதவியில் இருந்த மார்ட்டின் வான் பியூரன் மீண்டும் போட்டியிட்டார். நியூயார்க் மாநிலத்தின் கிண்டர்ஹூக் என்ற சிற்றூரில் பிறந்தவர் என்பதால் அவருக்கு 'ஓல்ட் கிண்டர்ஹூக்' என்ற பட்டப்பெயர் உண்டு. முதலெழுத்துகள் பொருந்திவிட்டன. அவருடைய ஜனநாயகக் கட்சித் தொண்டர்கள் நியூயார்க்கில் 'ஓ.கே. கிளப்' என்ற பெயரில் கூடினார்கள். தலைவரின் பெயரும் 'எல்லாம் சரி' என்ற பொருளும் ஒரே கோஷத்தில் அடங்கின.

எதிர்த்தரப்பான விக் கட்சியார் சும்மா இருக்கவில்லை. வான் பியூரனுக்கு முன்பு பதவியில் இருந்த ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு எழுத்துக்கூட்டி எழுதத் தெரியாது, அவர்தான் கோப்புகளில் 'ஆல் கரெக்ட்' என்பதற்கு ஓ.கே. என்று கிறுக்கிவைத்தார் என்று ஒரு கதையைக் கட்டிவிட்டார்கள். கதை பொய். ஆனால் மேசையில் உட்கார்ந்து தாள்களின் மேல் ஓ.கே. போடும் அதிகாரியின் உருவம் அந்தப் பொய்யால்தான் மக்கள் மனத்தில் பதிந்தது. பின்னால் அதிகாரிகள் மெய்யாகவே அப்படிப் போடத் தொடங்கினார்கள்.

வான் பியூரன் தோற்றார். வில்லியம் ஹென்றி ஹாரிசன் வென்றார். கோஷம் ஓய்ந்தது, எழுத்துகள் நின்றுவிட்டன.

3. ஊகங்களின் சந்தை

பிறப்பு மறந்துபோனதும் ஊகங்கள் குவிந்தன. ஸ்காட்லாந்துக்காரர்களின் 'ஓக் ஐ', கிரேக்கத்தின் 'ஓலா கலா', ஹெய்ட்டியில் ரம் மதுவுக்குப் பேர்பெற்ற ஓ கே துறைமுகம், சரக்குச் சீட்டுகளில் தன் முதலெழுத்துகளைப் போட்டதாகச் சொல்லப்படும் ஒபதையா கெல்லி என்ற ரயில்வே எழுத்தர் என்று ஒவ்வொரு நாட்டாரும் ஒவ்வொரு மூலத்தைக் கொண்டுவந்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் வொலோஃப் மொழியிலிருந்து அடிமைகளோடு வந்த சொல் என்ற கருத்தையும் அறிஞர்கள் சிலர் முன்வைத்தார்கள். அமெரிக்கப் பழங்குடியினரான சாக்டா மக்களின் மொழியில் 'ஆம், அப்படித்தான்' என்ற பொருளில் இதேபோன்ற ஒலியுள்ள சொல் இருக்கிறது. குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் அதுவே மூலம் என்று நம்பி, அதற்கேற்ற எழுத்துக்கூட்டலிலேயே எழுதிவந்தார்.

இந்தச் சந்தையை மூடியவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட். 1941இல் ஓ.கே. கிளப்பைப் பற்றி எழுதியவர், 1963, 1964ஆம் ஆண்டுகளில் 'அமெரிக்கன் ஸ்பீச்' ஆய்விதழில் தொடர்ந்து வெளியிட்ட கட்டுரைகளில் பாஸ்டன் நாளிதழ் வரை பின்னோக்கிச் சென்று சான்றுகளை அடுக்கினார். ஒலி ஒத்திருப்பதை அவர் சான்றாகக் கொள்ளவில்லை. எந்த இதழில், எந்தத் தேதியில், பக்கத்தில் வேறு எந்தச் சுருக்கங்களோடு அது வந்தது என்று பார்த்தார். சொற்பிறப்பு ஆராய்ச்சி தேவைப்படும் எந்த மொழிக்கும் பாடமாக வைக்கத்தக்க முறை அது. இரண்டு மொழிகளில் ஒரே மாதிரி ஒலித்தால் போதும், மூலம் கிடைத்துவிட்டது என்று துள்ளுகிற பழக்கம் நம்மிடையேயும் குறைவில்லை.

இந்திய லாரிகளின் பின்புறத்தில் எழுதப்படும் 'ஹாரன் ஓகே ப்ளீஸ்' என்பதில் நடுவில் நிற்கும் ஓகேவுக்கும் இப்படிப் பல கதைகள் வழங்குகின்றன. இரண்டாம் உலகப் போர்க்கால மண்ணெண்ணெய் என்பார் ஒருவர். சோப்பு விளம்பரம் என்பார் இன்னொருவர். ரீட் செய்ததுபோல் தேதியிட்ட சான்று எதையும் எவரும் காட்டியதில்லை. தேவையில்லாமல் ஹாரன் அடிக்கத் தூண்டுகிறது என்று மகாராஷ்டிர அரசு 2015இல் அந்த வாசகத்தையே தடை செய்தது.

4. தந்திக் கம்பியும் அலுவலக மேசையும்

வேடிக்கை வேலையாக மாறியது தந்தி நிலையங்களில். செய்தி அனுப்பியவருக்கு அது மறுமுனையில் முழுமையாக வந்து சேர்ந்ததா என்று தெரிய வேண்டும். அதற்கு இரண்டே எழுத்தில் ஒரு குறி கிடைத்தது. மறுமுனைக்காரர் ஓ.கே. என்று தட்டினால் செய்தி கிடைத்துவிட்டது. அனுப்பியவர் அந்தத் தாளை ஒதுக்கிவைத்து அடுத்ததை எடுக்கலாம். செய்தியில் இருப்பது மரணமா, பிள்ளைப்பேறா, பருத்தி விலையா என்பதில் ஓகேவுக்கு அக்கறை இல்லை. இழவுச் செய்திக்கும் பதில் ஓ.கே.தான். நல்லது என்ற பொருள் அச்சொல்லின் உள்ளே உறைந்திருந்தால் இந்தப் பயன்பாடு தந்தி ஆட்களின் நாக்கிலேயே இடறியிருக்கும்.

ரயில் நிலையங்கள், சரக்குக் கிடங்குகள், வணிக அலுவலகங்கள் எல்லாம் இதை எடுத்துக்கொண்டன. பட்டியலைப் பார்த்தவர் மூலையில் ஓ.கே. என்று எழுதித் தன் கையெழுத்தின் முதலெழுத்தைப் போட்டார். 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அது வினைச்சொல்லாகவும் ஆகிவிட்டது. ஒரு பில்லை 'ஓகே செய்வது' என்றால் பணம் கொடுக்க அனுமதிப்பது. பெயராகவும் ஆயிற்று: மேலதிகாரியின் ஓகே வந்தால் வேலை நகரும். எழுத்துக்கூட்டல் மட்டும் இன்றுவரை ஒருமைப்படவில்லை. அசோசியேட்டட் பிரஸ் நடைக்கையேடு புள்ளியில்லாத இரண்டு பேரெழுத்துகளைச் சொல்கிறது. 'நியூயார்க்கர்' இதழ் புள்ளி வைத்து அச்சிடுகிறது. நாவலாசிரியர்கள் பலருக்கு நான்கு எழுத்தில் நீட்டி எழுதுவது பிடித்திருக்கிறது.

5. பேச்சில் அதன் இடம்

அவையோர் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். 'மழை பெய்கிறதா?' என்ற கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் சொல்லலாம். 'ஓகே' என்று சொல்ல முடியாது. 'குடை எடுத்துக்கொள்' என்றால் ஓகே பொருந்துகிறது. 'மழை பெய்கிறது' என்று வெறும் செய்தியாகச் சொன்னாலும் ஓகே பொருந்துகிறது. செய்தி வந்து சேர்ந்தது என்று அதற்கு அர்த்தம். உண்மையா, பொய்யா என்ற கேள்வியின் முன்னால் ஓகே வாயடைத்து நிற்பதும், ஏவலுக்கும் அறிவிப்புக்கும் முன்னால் உடனே வருவதும் தற்செயல் அன்று. உண்மைக்குச் சான்று சொல்வது அதன் வேலையில்லை. ஏவலையும் அறிவிப்பையும் பெற்றுக்கொண்டு வழிவிடுவது அதன் வேலை.

இரண்டாவது சோதனை அளவைப் பற்றியது. ஆங்கிலத்தில் 'நல்ல' என்பதற்கு 'மிக' என்ற அடை சேரும்; ஓகேவோடு அது ஒட்டாது. 'முழுக்க ஓகே', 'வெறும் ஓகே' என்று எல்லை காட்டும் அடைகள் மட்டும் ஒட்டும். முத்திரை விழுந்திருக்கும், அல்லது விழுந்திருக்காது. கொஞ்சம் அதிகமாக விழுந்தது என்பதற்கு இடமில்லை.

அப்படியானால் 'சாப்பாடு ஓகே' என்பதில் சுமார் என்ற பொருள் எங்கிருந்து வந்தது? மெய்யியலாளர் பால் கிரைஸ் உரையாடலைப் பற்றி வகுத்த கொள்கை இங்கே உதவுகிறது. 1967இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளில் அவர் சொன்னதன் சாரம், பேசுபவர் தேவையான அளவுக்குத் தகவல் தருவார் என்று கேட்பவர் எதிர்பார்க்கிறார் என்பது. சாப்பாடு எப்படி என்று கேட்டவர் தரத்தைக் கேட்கிறார். பதில் சொல்பவர் 'சாப்பிட முடிந்தது' என்ற அளவிலான முத்திரையோடு நிறுத்திக்கொண்டால், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை போலும் என்று கேட்டவர் ஊகிக்கிறார். சுமார் என்ற பொருள் சொல்லில் இல்லை. சொல்லாமல் விட்டதில் இருக்கிறது. பொறியாளரின் தாளிலோ தேறியதா, இல்லையா என்பது ஒன்றே கேள்வி. அங்கே ஓகே முழுப் பதிலாகிவிடுகிறது, சுமார் என்ற நிழல் விழுவதில்லை. தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு விடை இவ்வளவுதான்.

'ஐ ஆம் ஓகே' என்ற ஒரே தொடரின் இரண்டு பயன்பாடுகளை அருகில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். படிக்கட்டில் தடுக்கி விழுந்தவரைத் தூக்க ஓடிவருகிறார்கள். அவர் 'ஐ ஆம் ஓகே' என்கிறார். விருந்தில் இன்னொரு கரண்டி பரிமாற வருகிறார்கள்; அங்கேயும் 'ஐ ஆம் ஓகே'. முதலாவதை நலம் என்றும் இரண்டாவதை மறுப்பு என்றும் அகராதி பிரிக்கும். இரண்டிலும் பேசுபவர் எதிரில் நிற்பவருக்குச் சொல்வது ஒன்றுதான்: இங்கே செய்ய வேண்டியது எதுவும் பாக்கி இல்லை, நீங்கள் நகரலாம். விழுந்தவரின் முழங்கால் எரிந்துகொண்டிருக்கலாம். அதைப் பற்றி அவர் வாய்திறக்கவில்லை. மன்னிப்புக் கேட்டவரிடம் 'இட்ஸ் ஓகே' என்பதும் இதே வகை. செய்தது நியாயம் என்று அது சொல்வதில்லை. பேச்சை அங்கேயே விடலாம் என்று சொல்கிறது.

உரையாடலை ஒலிப்பதிவு செய்து, எழுத்து எழுத்தாகப் பெயர்த்து ஆராயும் துறை இந்தப் பண்பை முன்பே கண்டது. இம்மானுவேல் ஷெக்லாஃபும் ஹார்வி சாக்ஸும் 1973இல் வெளியிட்ட ஆய்வு தொலைபேசிப் பேச்சு எப்படி முடிகிறது என்பதைப் பற்றியது. யாரும் திடீரென்று 'பை' சொல்லி வைத்துவிடுவதில்லை. பெரும்பாலும் இப்படி நடக்கிறது:

'அப்ப வியாழக்கிழமை வந்துடு.'
'ஓகே.'
'ஓகே.'
'பை.'

முதல் ஓகே வியாழக்கிழமை ஏற்பாட்டைப் பெற்றுக்கொள்கிறது. இரண்டாவது ஓகேவுக்கு அந்த வேலை இல்லை; என் பக்கத்தில் பேச வேறு ஒன்றுமில்லை, உங்களிடம் ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லலாம் என்று வாய்ப்புத் தருகிறது. மறுமுனைக்காரர் 'ஆமா, இன்னொண்ணு' என்று தொடங்கினால் பேச்சு நீளும்; தொடங்காவிட்டால் பை. வேய்ன் பீச் 1993இல் வெளியிட்ட ஆய்வில், ஓகே ஒரே நேரத்தில் பின்னால் பார்த்து முடித்துவைத்து, முன்னால் பார்த்து அடுத்ததற்கு வழி திறக்கிறது என்று காட்டினார். வகுப்பறையில் ஒரு கணக்கு முடிந்து அடுத்த கணக்குக்குப் போகும்போது ஆசிரியர் சொல்லும் ஓகேவை நினைத்துப் பார்க்கலாம். மாணவர் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். எதற்கும் அது பதிலாக வரவில்லை, பாடத்தின் பொருத்து அங்கே தெரிகிறது, அவ்வளவே. குரல் இதில் நிறையச் செய்கிறது. ஏற்றத்தோடு வந்தால் புரிகிறதா என்ற கேள்வி. இறக்கத்தோடு வந்தால் முடிவு. நீட்டி இழுத்தால் சந்தேகம். 2021இல் வெளிவந்த ஒரு தொகுப்பு நூல் ஜெர்மன், ஃபின்னிஷ், ஜப்பானிய மொழி உள்ளிட்ட பல மொழிகளின் ஓகேவை இவ்வாறு ஒப்பிட்டு ஆராய்ந்திருக்கிறது.

6. முத்திரை தவறாக விழுந்தால்

வழிவிடும் சொல் என்பதில் ஆபத்தும் இருக்கிறது. எதற்கு வழிவிட்டது என்று அது சொல்வதில்லை.

1977 மார்ச் 27 அன்று கேனரித் தீவுகளில் ஒன்றான டெனரீஃபின் லோஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதின. 583 பேர் இறந்தார்கள். பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பல விமானங்கள் அந்தச் சிறிய நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தன. நல்ல மூடுபனி. கே.எல்.எம். விமானம் ஓடுபாதையின் முனையில் புறப்படும் நிலையில் நின்றது. அதே ஓடுபாதையில், பனிக்குள் கண்ணுக்குத் தெரியாமல், பான் ஆம் விமானம் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. கட்டுப்பாட்டு அறை கே.எல்.எம்.முக்குப் பறந்தபின் செல்ல வேண்டிய வழியை மட்டும் சொல்லியிருந்தது. புறப்பட அனுமதி தரவில்லை. துணை விமானி வழியைத் திருப்பிப் படித்துவிட்டு, இறுதியில் இப்போது புறப்பாட்டில் இருக்கிறோம் என்ற பொருள்படும், தெளிவில்லாத ஒரு தொடரைச் சேர்த்தார்.

கட்டுப்பாட்டாளர் அதை, புறப்படும் இடத்தில் காத்திருக்கிறோம் என்று எடுத்துக்கொண்டார். 'ஓகே' என்றார். சிறு இடைவெளி. பிறகு, காத்திருங்கள், நான் அழைக்கிறேன் என்றார். அதே நொடியில் பான் ஆம் விமானிகளும் தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பேசினார்கள். இரண்டு ஒலிபரப்புகளும் ஒரே அலைவரிசையில் முட்டியதால் கே.எல்.எம். அறையில் கீச்சென்ற இரைச்சல் கேட்டது. தெளிவாக வந்து சேர்ந்தது ஓகே மட்டும்தான்.

அந்த ஒரு சொல்தான் விபத்துக்குக் காரணம் என்று சொல்வது சரியாகாது. விமானி அதற்கு முன்பே வேகமெடுக்கத் தொடங்கியிருந்தார். பனி, நெரிசல், பணிநேர வரம்பு முடியப்போகும் அவசரம் என்று பலவும் சேர்ந்தன. ஆனாலும் அந்தக் கணத்தில் அவர்களை நிறுத்தியிருக்கக்கூடிய பதிலின் முதல் சொல், மேலே போ என்று கேட்கக்கூடிய சொல்லாக இருந்துவிட்டது. சொன்னவர் உங்கள் செய்தி கிடைத்தது என்ற பொருளில் சொன்னார். இரண்டும் ஓகேவின் நியாயமான பொருள்களே.

வானொலித் தொடர்பின் முறைச்சொற்கள் இந்தச் சிக்கலைப் பிரித்துக் கையாள்கின்றன. 'ராஜர்' என்றால் செய்தி முழுவதும் கிடைத்தது, அவ்வளவே, சம்மதம் அன்று. 'அஃபர்ம்' என்றால் ஆம். 'வில்கோ' என்றால் புரிந்தது, அப்படியே செய்கிறேன். அன்றாடப் பேச்சில் ஓகே மூன்றையும் ஒன்றாக அள்ளிக்கொள்கிறது. வானில் அந்த வசதி கிடையாது. டெனரீஃபுக்குப் பிறகு, 'டேக்-ஆஃப்' என்ற சொல்லையே புறப்பட அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டும் பயன்படுத்த வேண்டும், மற்ற இடங்களில் 'டிபார்ச்சர்' என்று சொல்ல வேண்டும் என்ற முறை நிலைபெற்றது.

7. பொத்தானும் சைகையும்

கணினித் திரையில் ஓகே என்ற பொத்தான் வந்த கதை சிறியது. 1983இல் வெளியான ஆப்பிள் லிசா கணினியை வடிவமைத்தபோது, அந்தப் பொத்தானில் 'டூ இட்' என்ற இரண்டு சொற்களைத்தான் முதலில் எழுதியிருந்தார்கள். சோதனைக்கு வந்தவர்களில் ஒருவர் ஒவ்வொரு முறையும் எரிச்சலடைந்தார். காரணம் கேட்டபோது, இது ஏன் என்னை முட்டாள் என்கிறது என்றாராம். இரண்டு சொற்களுக்கிடையே இருந்த இடைவெளி போதாததால், மூடனைக் குறிக்கும் 'டோல்ட்' என்ற சொல்லாக அவர் கண்ணுக்கு அது தெரிந்திருக்கிறது. வடிவமைப்பாளர்கள் ஓகே என்று மாற்றினார்கள். 'கோப்பைத் திறக்க முடியவில்லை' என்ற அறிவிப்பின் கீழும் ஓகே பொத்தான்தான் இருக்கும். திறக்காதது நமக்குச் சம்மதம் என்று அதற்கு அர்த்தமில்லை. தந்தி ஆள் தட்டிய அதே ஓ.கே. அது.

கடலுக்கடியில் நீந்துவோர் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டும் சைகை கேள்வியும் ஆகும், பதிலும் ஆகும். ஒருவர் காட்டினால் மற்றவர் அதையே திருப்பிக் காட்ட வேண்டும். கட்டைவிரலை உயர்த்துவது அங்கே ஓகே ஆகாது. மேலே போகலாம் என்று பொருள். அதே வளையத்தைப் பிரேசிலில் காட்டினால் வசை.

விண்வெளிப் பயணத்தோடு வந்த 'ஏ-ஓகே' முத்திரைக்குப் போட்ட அலங்காரம். 1961 மே 5 அன்று ஆலன் ஷெப்பர்ட் பறந்தபோது நாசாவின் செய்தித் தொடர்பாளர் ஜான் பவர்ஸ் அதைப் பரப்பினார். ஷெப்பர்ட் அப்படிச் சொன்னதாக உரையாடல் பதிவில் இல்லை. கைபேசிக் குறுஞ்செய்தியில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே இரண்டு எழுத்தும் அதிகமாகி 'கே' மட்டும் மிஞ்சியது. பெறுபவர்கள் பலருக்கு அது கதவைச் சாத்துவதுபோல் படுகிறது. முடித்துவைக்கும் தன்மையை ஆயுதமாகவே எடுத்த வழக்கு 'ஓகே பூமர்'. 2019 நவம்பரில் நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் பருவநிலை மசோதா குறித்துப் பேசிக்கொண்டிருந்த இளம் உறுப்பினர் க்ளோயி ஸ்வார்பிரிக், குறுக்கிட்ட மூத்த உறுப்பினரை அந்த இரண்டு சொல்லால் கடந்து உரையைத் தொடர்ந்தார். எதிர்வாதம் எதுவும் அதில் இல்லை.

8. தமிழில் ஓகே

தமிழில் 'சரி' என்ற சொல் ஓகேவின் வேலையில் பெரும்பகுதியை முன்பிருந்தே செய்துவருகிறது. 'சரி, நான் கிளம்பறேன்' என்பதில் சரி எதையும் ஒப்புக்கொள்ளவில்லை; பேச்சை முடிக்கிறது. தேற்றுவதற்கும் சுமார் என்று மதிப்பிடுவதற்கும் 'பரவாயில்லை' இருக்கிறது. 'படம் பரவாயில்லை', 'பரவாயில்லை, விடுங்க' என்ற இரண்டும் ஆங்கில ஓகேவின் இரண்டு முகங்களோடு அப்படியே பொருந்துகின்றன. அந்தப் 'பரவா'வும் உருதுவழி வந்ததுதான்.

இவை இருந்தும் ஓகே ஏன் புகுந்தது என்பதற்கு விடை வினை வடிவங்களில் கிடைக்கிறது. 'லோன் ஓகே ஆயிடுச்சு' என்பதை 'லோன் சரி ஆயிடுச்சு' என்று மாற்ற முடியாது. சரியாவது என்றால் கெட்டது சீராவது. காய்ச்சல் சரியாகும், பழுதான மிக்ஸி சரியாகும். 'மிக்ஸியைச் சரி பண்ணு' என்றால் பழுது பார்; 'டிசைனை ஓகே பண்ணு' என்றால் ஒப்புதல் கொடு. விண்ணப்பம், டிசைன், கொட்டேஷன், பெண் பார்த்த வரன் என்று ஒருவர் பார்த்து நகர்த்த வேண்டியவை அத்தனைக்கும் ஓகே ஆவதும் ஓகே பண்ணுவதும் பழகிவிட்டன. படப்பிடிப்பில் இயக்குநர் 'டேக் ஓகே' என்றதும் விளக்குகளை அடுத்த காட்சிக்கு நகர்த்துகிறார்கள். தமிழ் இங்கே முழுச் சொல்லையும் வாரி எடுத்துக்கொள்ளவில்லை. தன்னிடம் ஒரே சொல்லாக இல்லாத முத்திரைப் பொருளை எடுத்து, துணைவினை சேர்த்துத் தன் இலக்கணத்தில் பூட்டிக்கொண்டது. 'அனுமதி', 'ஒப்புதல்' என்பவை எழுத்தில் அதைச் செய்யும். ஆனால் தையல்காரரிடம் சட்டைத் துணியைக் காட்டிவிட்டு ஒப்புதல் அளித்ததாக யாரும் சொல்லிக்கொள்வதில்லை.

மரியாதையும் ஏறியிருக்கிறது. பெரியவரிடம் வெறும் 'ஓகே' மொட்டையாகப் படும். 'ஓகேங்க', 'ஓகே சார்' என்றால் படாது. நண்பனிடம் 'ஓகேடா'. கேள்வியானால் 'ஓகேவா?'. 'சரி சரி' என்று இரட்டிக்கும்போது வரும் அவசரமும் சலிப்பும் 'ஓகே ஓகே'யிலும் வருகின்றன. திரைப்படப் பெயர்களும் விளையாடியிருக்கின்றன. 2012இல் வந்த 'ஒரு கல் ஒரு கண்ணாடி' முதலெழுத்துகளால் ஓகே ஓகே ஆனது. 2015இல் மணி ரத்னத்தின் 'ஓ காதல் கண்மணி' 'ஓகே கண்மணி' ஆயிற்று. தெரிந்தே செய்த இந்த முதலெழுத்து வேலை 1839இன் பாஸ்டன்காரர்களுக்குப் பிடித்திருக்கும்.

எழுதும் முறை மட்டும் தீரவில்லை. ஓ.கே., ஓகே, ஓக்கே ஆகிய மூன்றும் அச்சில் உலவுகின்றன. தமிழில் இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே வரும் ஒற்றைக் ககரம் மெலிந்து ஒலிக்கும். 'ஓகை' என்ற பழஞ்சொல்லைப் படிப்பதுபோலப் படித்தால் 'ஓகே'யும் மெலிந்துவிட வேண்டும். 'ஓக்கே' என்று ஒற்றிட்டு எழுதுபவர்கள் ஒலியைக் காப்பாற்றுகிறார்கள். வார இதழ்கள் நெடுங்காலம் கையாண்ட 'ஓ.கே.' புள்ளியால் ககரத்தைச் சொல்லின் முதலாக்கி, வல்லோசையைத் தக்கவைக்கிறது. ஒற்றும் புள்ளியும் இல்லாத 'ஓகே'யே இன்று பெருவழக்கு. இந்த அச்சு வடிவமும் அதையே கொண்டிருக்கிறது. படிப்பவர்கள் சொல்லை முன்பே அறிந்திருப்பதால் வல்லோசையோடுதான் படிக்கிறார்கள்.